பொன் உருகும் வெயிலும் மண் உருகும் மழையும்: புரட்டாசி மாத வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை வெளியாகும் வானிலை அறிக்கைகளிலும் இதையே பார்க்கலாம். "அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி அதிகமாக இருக்கக்கூடும்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியிலேயே "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது" என்று இருக்கும். ஏழு நாளைக்கும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். வெயிலா மழையா, துணி காயப் போடலாமா, நெல்லைக் களத்தில் கொட்டலாமா என்று கேட்பவருக்கு இதில் பதில் இல்லாததுபோலத் தோன்றும்.

பதில் இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கை நம் தெருவைப் பற்றியது அல்ல, மாநிலத்தின் மேல் நிற்கும் காற்றைப் பற்றியது. அந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் அறிக்கையின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கான பொருள் இருப்பது தெரியும்.

வெயிலும் மழையும் ஏன் ஒரே நாளில்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே அது ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கம் இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறிய காற்றாக வருகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதி என்று சொல்வது இதனால்தான். அந்த நான்கு மாதங்களில் மாநிலத்துக்குச் சராசரியாக 33 செ.மீ. மழை கிடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் 44 செ.மீ. கிடைத்துவிடுகிறது.

இந்த இரண்டு காலங்களுக்கும் இடைப்பட்ட வாசல்தான் புரட்டாசி. மேலக்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, தளர்ந்துகொண்டிருக்கும், ஆனால் முழுக்க நின்றிருக்காது. கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்று, இன்னும் நிலைபெற்றிருக்காது. இந்த இடைவெளியில் ஒரு நாளின் கதை பெரும்பாலும் இப்படிப் போகிறது:

1. காலை பத்து, பதினொரு மணிக்குள் வேலூர், திருவண்ணாமலை, சேலம், திருச்சி போன்ற உள் மாவட்டங்களில் நிலம் நன்றாகச் சூடேறிவிடுகிறது. வானம் தெளிவாக இருப்பதால் வெயில் முழுசாக இறங்குகிறது.

2. மதியத்தை ஒட்டி வங்கக்கடலிலிருந்து கடற்காற்று கரையேறி உள்ளே நகர்கிறது. ஜூன், ஜூலையில் பலமான மேலக்காற்று அதைத் தடுத்து நிறுத்தும். செப்டம்பரில் அந்தத் தடை தளர்வதால் ஈரக்காற்று நிலத்துக்குள் இன்னும் அதிக தூரம் போகிறது.

3. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் ஒரு கோட்டில் முட்டிக்கொள்கின்றன. முட்டிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அறிக்கையில் 'காற்றுக் குவிதல்' என்று வருவது இதைத்தான்.

4. மேலே போன ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. நீராவி நீர்த்துளியாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தூக்குகிறது. ஓரிரு மணி நேரத்தில் மேகத்தின் உச்சி 12 முதல் 15 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிடும். 'வெப்பச்சலனம்' என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்.

5. மேல் அடுக்கில் இன்னமும் வீசும் மேற்குக் காற்று அந்த மேகத்தைக் கிழக்கே தள்ளுகிறது. ராணிப்பேட்டைப் பக்கம் மாலையில் திரண்டது இரவில் திருவள்ளூர், காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

ஆக, அந்த இரண்டு வரிகளுக்கும் இடையே முரண்பாடு இல்லை. பகல் வெயில்தான் மாலை மழைக்கான அடுப்பு. ஆனால் அடுப்பு மட்டும் இருந்தால் போதாது. காற்றில் ஈரம் வேண்டும், மேலடுக்கு ஒத்துழைக்கவும் வேண்டும். 'வளிமண்டல மேலடுக்கு சுழற்சி நிலவுகிறது' என்ற வரி இருந்தால், அந்த ஒத்துழைப்பு கிடைத்திருக்கிறது என்று பொருள். அந்த வரியும் இல்லாமல், மேலக்காற்றும் பலமாக இருந்தால், நாள் முழுக்க வெக்கைதான் மிஞ்சும்.

வடக்கே பார்த்தும் ஒரு குறிப்பு தெரிந்துகொள்ளலாம். வட இந்தியாவின் குறுக்கே கிடக்கும் பருவமழைத் தாழ்வுப் பட்டை (காற்றழுத்தம் குறைந்த நீளமான பகுதி) இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கும்போது நாட்டின் நடுப்பகுதியில் மழை ஓயும். அப்படிப்பட்ட நாட்களில்தான் தமிழ்நாட்டில் இடிமழை கூடும். "நாட்டின் பல பகுதிகளில் பருவமழை இடைவெளி" என்ற செய்தி நமக்குப் பெரும்பாலும் மழைச் செய்தி.

'ஓரிரு இடங்களில்' என்றால் எத்தனை இடங்களில்?

இந்தச் சொற்கள் போகிற போக்கில் எழுதப்படுபவை அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறை இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் எத்தனை சதவீதத்தில் மழை பதிவாகும் என்பதே அந்த அளவு.

ஓரிரு இடங்களில்: 25 சதவீத நிலையங்கள் வரை.
ஒருசில இடங்களில்: 26 முதல் 50 சதவீதம்.
அநேக இடங்களில்: 51 முதல் 75 சதவீதம்.
பெரும்பாலான இடங்களில்: 75 சதவீதத்துக்கு மேல்.

"ஓரிரு இடங்களில் மழை" என்ற அறிக்கை சரியாகப் பலித்த நாளில்கூட, நான்கில் மூன்று பங்கு இடங்களாவது காய்ந்துதான் கிடக்கும். அன்று மழையைப் பார்க்காத ஊர்க்காரர் அறிக்கை பொய்த்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் அது சொன்னபடியே நடந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கி.மீ., மாவட்டங்கள் 38. சராசரியாக ஒரு மாவட்டத்துக்கு 3,400 சதுர கி.மீ. வருகிறது. ஒரு இடிமேகத்தின் கனத்த மழை விழும் பகுதி பத்து கி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டாலும் அது சுமார் 80 சதுர கி.மீ.தான். மாவட்டத்தில் நாற்பதில் ஒரு பங்கு. மேகம் நகரும், பக்கத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கும் என்பதெல்லாம் சரி. அப்படியும் மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அன்று மழை கிடைக்காது. சென்னையில் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரத்தில் இருந்தாலும் இந்த மாதங்களில் இரண்டின் மழைக் கணக்கும் அடிக்கடி பெரிதாக வேறுபடுவது இதனால்தான்.

அளவைக் குறிக்கும் சொற்கள் வேறு. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. கடைசி வகைக்குக் கீழ் எல்லை மட்டும்தான் உண்டு, மேல் எல்லை கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது சுமார் 95 செ.மீ. அதற்கும் பெயர் அதி கனமழைதான், 21 செ.மீ. பெய்தாலும் அதே பெயர்தான். அந்தச் சொல்லைப் பார்த்தால் குறைந்தபட்சம் இவ்வளவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 24 மணி நேரம் எது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வானிலைத் துறையின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. வியாழக்கிழமைக்கு எச்சரிக்கை விடுத்து, மழை வெள்ளிக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்குக் கொட்டினால், அது வியாழக்கிழமைக் கணக்கு. புரட்டாசியில் மழை பெரும்பாலும் இரவில் வருவதால் இந்த விவரம் முக்கியம்.

காற்று பற்றிய சொற்களில் தேவையில்லாத பயமும் வருகிறது. மீனவர் எச்சரிக்கையில் "மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக்காற்று" என்று வரும். சூறாவளி என்றதும் புயல் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே அது விட்டுவிட்டு வேகமெடுக்கும் காற்றைக் குறிக்கிறது. புயல் என்ற பெயர் கிடைக்க, காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும். அதற்கு முந்தைய படிகள்: 31 கி.மீ.க்குக் கீழ் தாழ்வுப் பகுதி, 49 வரை தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பெரும்பாலான தாழ்வுப் பகுதிகள் முதல் படியிலேயே கலைந்துவிடும். ஆனாலும் படகில் போகிறவருக்கு 55 கி.மீ. காற்றே உயிருக்கு ஆபத்து. சொல்லைக் கேட்டு ஊரில் இருப்பவர் பதறத் தேவையில்லை. கடலுக்குப் போகிறவர் எண்ணைப் பார்த்தாக வேண்டும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். நடைமுறையில் இவை கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற வரிசையோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் மழையின் அளவோடு, அது நிகழ்வதற்கான வாய்ப்பு, நிகழ்ந்தால் ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே நிறம் தீர்மானிக்கப்படுகிறது.

2024 அக்டோபர் நடுவில் சென்னையில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. 15-ஆம் தேதி நகரில் நல்ல மழை. 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். 16-ஆம் தேதி மழை வெகுவாகக் குறைந்துவிட்டது. தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, பலத்த மழை மேகங்கள் ஆந்திரப் பக்கம் போயிருந்தன. "ஒன்றுமே வரவில்லையே" என்று பலர் கோபப்பட்டார்கள்.

இதில் கோபப்பட எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். கடலில் இருக்கும் ஒரு சுழற்சி எங்கே கரையேறும் என்ற கணிப்பு ஒரு நாளுக்கு முன்புகூடச் சில பத்து கிலோமீட்டர் பிசகும். பலத்த மழைப் பட்டையோ குறுகலானது. அது ஐம்பது, நூறு கி.மீ. வடக்கே நகர்ந்தால் சென்னையின் சிவப்பு நெல்லூரின் வெள்ளமாகிவிடும். கார்களை மேடேற்றியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். சிவப்பு நிறம் அவர்களைக் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

ஏழு நாளும் ஒரே தரம் அல்ல

கைபேசியில் ஏழு நாளுக்கும் ஒரே அளவில் கட்டம் போட்டு, மேகமும் மின்னலும் வரைந்திருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் நம்பகத்தன்மை ஒன்றல்ல. நான் இதை நான்கு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பேன்.

1. ஆறாம், ஏழாம் நாள். காற்று ஈரமாகப் போகிறதா காயப் போகிறதா, வங்கக்கடலில் ஏதாவது உருவாகுமா என்ற போக்கு மட்டும். மழை எந்த மாவட்டத்தில், எத்தனை மணிக்கு என்றெல்லாம் இதில் தேடக்கூடாது.

2. மூன்று முதல் ஐந்தாம் நாள். எந்தப் பகுதிக்கு வாய்ப்பு அதிகம் என்று ஓரளவு சொல்லலாம். வட மாவட்டங்களா, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியா, டெல்டாவா என்ற அளவுக்கு.

3. முதல் இரண்டு நாள். மாவட்டப் பெயர்கள் வரிசையாக வருவது பெரும்பாலும் இங்கேதான். திட்டமிட இதைத் தாராளமாக நம்பலாம்.

4. அடுத்த மூன்று மணி நேரம். இது கணிப்பு என்பதைவிடக் கண்காணிப்பு. சென்னைத் துறைமுகத்திலும் காரைக்காலிலும் இருக்கும் டாப்ளர் ரேடார்கள் திரண்டுவிட்ட மேகத்தையே நேரடியாகப் பார்க்கின்றன. "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் மாவட்டப் பட்டியல் இந்த வகை.

இடிமழைக் காலத்தில் நான்காவது அடுக்குதான் நம் தெருவுக்கு மிக அருகில் வருவது. காரணம் எளிமையானது. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி (model) பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 2025 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்த, இந்திய வானிலைத் துறை பயன்படுத்தும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் ஒரு கட்டம் 6 கி.மீ., அதற்கு முன்பு 12 கி.மீ. இது பெரிய முன்னேற்றம். இருந்தாலும் ஒரு இடிமேகமே இரண்டொரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான். தனித்தனி மேகத்தின் ஆயுளும் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். இன்னும் பிறக்காத மேகம் எந்த ஊரின் மேல் பிறக்கும் என்று ஐந்து நாளுக்கு முன்பே சொல்ல எந்த மாதிரியாலும் முடியாது.

செயலிகள் காட்டும் சதவீதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "60% மழை" என்றால் நாளில் அறுபது சதவீத நேரம் மழை என்று பொருள் இல்லை, பலத்த மழை என்றும் பொருள் இல்லை. அந்த இடத்தில், அந்த நேரத்துக்குள் மழை பெய்வதற்கான வாய்ப்பு மட்டுமே அது. தூறலுக்கும் அதே எண்தான் வரும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதா?

அக்டோபர் முதல் வாரத்தில் நாலு நாள் நன்றாகப் பெய்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். மழை பெய்தால் மட்டும் போதாது. தென்மேற்குப் பருவமழை ஆந்திரக் கடலோரம் வரை, 15 டிகிரி அட்சரேகையை ஒட்டி, விலகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கீழ்க்காற்று நிலைபெற வேண்டும். அந்தக் காற்று தரையோடு நின்றுவிடாமல் சுமார் ஒன்றரை கி.மீ. உயரம் வரை இருக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் பரவலாக மழையும் வேண்டும். இவ்வளவும் கூடிவந்தாலும் அக்டோபர் 10-க்கு முன் தொடக்கத்தை அறிவிப்பதில்லை. வழக்கமான தேதி அக்டோபர் 20, ஒரு வாரம் முன்பின் ஆகலாம். 2024-இல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் விலகியதும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஒரே நாளில், அக்டோபர் 15 அன்று அறிவிக்கப்பட்டன.

வெறும் கண்ணாலேயே வித்தியாசம் தெரியும். மேகம் மேற்கிலிருந்து திரண்டு, மாலையிலோ இரவிலோ இடியோடு வந்தால் அது புரட்டாசி மழை. கடலிலிருந்து, விடியற்காலையிலோ காலையிலோ, அதிக இடியில்லாமல் அலை அலையாக வந்தால் கொண்டல் இறங்கிவிட்டது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே மழைக்கு வேறு பெயர். இலங்கை வானிலைத் துறையின் கணக்கில் அக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவக் காலம். வடகிழக்குப் பருவமழை என்பது அங்கே டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. யாழ்ப்பாணத்து அறிக்கையையும் நாகப்பட்டினத்து அறிக்கையையும் ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

இந்த வாரம் யாருக்கு என்ன?

டெல்டா விவசாயிக்கு இது மிகச் சிக்கலான நேரம். ஒரு பக்கம் குறுவை அறுவடை, இன்னொரு பக்கம் சம்பாவுக்கான விதைப்பும் நடவும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கான வழக்கமான வரம்பு 17 சதவீதம். சாலையோரத்திலும் களத்திலும் காயும் நெல்லின் மேல் ஒரே ஒரு மாலை இடிமழை அடித்தால், இரண்டு நாள் உழைப்பு போய், விலையும் தள்ளிப்போகும். அரசு வரம்பைத் தளர்த்துமா என்று காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். இங்கே "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஓரிரு இடம் தன் களமாக இருந்தால் இழப்பு முழு இழப்பு. ஆகவே அறிக்கையில் இடிமழை வாய்ப்பு இருக்கும் நாளில் மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் நெல்லைக் குவித்து தார்ப்பாய் மூடிவிடுவது நல்லது. காலை முதல் மதியம் வரையிலான வெயில் இந்த மாதத்தில் தாராளமாகக் கிடைக்கும், உலர்த்த அது உதவும். மேலுரம் இடுவதையும் பூச்சிமருந்து தெளிப்பதையும் அப்படிப்பட்ட மாலைகளில் தவிர்க்கலாம். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம்.

நகரத்தில் பார்க்க வேண்டியது நாள் கணக்கை அல்ல, மணிக் கணக்கை. ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். ஏழு செ.மீ. மழை நாள் முழுக்கப் பெய்தால் வடிகால் தாங்கிவிடும். அதே ஏழு செ.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் தாங்காது. இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே பெயர்தான், கனமழை. 2025 ஆகஸ்ட் 30 இரவு வடசென்னையின் மணலிப் பகுதியில் சில மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே இரவில் நகரத்தின் எல்லாப் பகுதியிலும் அந்த அளவு பெய்யவில்லை. இப்படிப்பட்ட இரவுகளில் வார அறிக்கையைவிட ரேடார் படம் பயன்படும்.

அப்புறம் மின்னல். மாலைநேரம், திறந்த வயல், மேய்ச்சல் நிலம், ஒதுங்க ஒரு மரம் எல்லாம் சேர்ந்து வரும் பருவம் இது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் மூன்று நொடி ஆகும். மின்னல் தெரிந்து இடி கேட்பதற்குள் முப்பது என்று எண்ணி முடிக்கவில்லை என்றால் மேகம் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது. மழை இன்னும் விழாவிட்டாலும் அந்த மின்னல் நம்மை எட்டும். உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடியில் நிற்கக்கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே வயலுக்குத் திரும்ப வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, அருகில் மின்னல் பதிவானதும் எச்சரிக்கும். மாடு மேய்க்கப் போகும் பெரியவர்களிடம் பெரும்பாலும் செயலி ஓடும் கைபேசி இருக்காது. வீட்டில் இருப்பவர் பார்த்து, சாதாரண கைபேசியில் கூப்பிட்டு, "மேற்கே கறுத்துட்டு வருது, மாட்டை ஓட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று சொன்னாலே போதும்.